சிம்பல் சத்தம் கேட்காமல் போன வருடம்

நூஹு காக்காவின் கடைக்கு மேலே நீளமான அறை ஒன்று உண்டு. கப்பல்களுக்குச் சாமான் சப்ளை செய்வது காக்காவின் தொழில். கீழே கயிறும் பெயின்டும் கையுறைகளும் சோப்புக் கட்டிகளும் அடுக்கியிருக்கும். மேலே மூன்று பிரம்பு நாற்காலி, பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்று, இடுப்பு உயரத்துக்கு இரண்டு மரப்பெட்டி ஸ்பீக்கர். புது நைலான் கயிற்றின் வாசனை படியேறி வந்து அந்த அறையிலேயே தங்கிவிடும். இப்போதும் கயிற்றுக் கடை எதையாவது தாண்டினால் எனக்குச் சாக்சபோன்தான் ஞாபகம் வருகிறது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு காக்கா, சேவியர் அண்ணாச்சி, நான் என்று மூன்று பேரும் வந்திருந்தோம். அந்த வாரம் பாட்டுப் போடுவது காக்காவின் முறை. பியானோ, டபுள் பாஸ், டிரம்ஸ் மூன்றும் மட்டும் உள்ள ஒரு ஆல்பத்தைப் போட்டார்.

ஆரம்பத்திலேயே எனக்கு என்னவோ இடித்தது. டிரம்ஸ் கேட்கிறது. ஆனால் அதோடு சேர்ந்த வெண்கலத் தட்டு இருக்கிறதே, சிம்பல், அது காணோம். ஜாஸில் தாளத்தை நகர்த்திக்கொண்டு போவதே அதுதான். அது இல்லாமல் எல்லாம் கம்பளியால் மூடியது போல் வந்தது. காக்காவைப் பார்த்தேன். அவரும் முகத்தைச் சுளித்தபடி ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டு ஓடும்போது யாரும் பேசக் கூடாது, எழுந்திருக்கக் கூடாது என்பது எங்கள் சட்டம். பொறுத்துக்கொண்டோம்.

ஆல்பம் முடிந்ததும் சேவியர் அண்ணாச்சி கண்ணைத் திறந்தார்.

"நல்லாருக்கு நூகு. பதிவு சுத்தமா இருக்கு. சிம்பல என்னமா தொடுதான், பாத்தியா?"

காக்கா எழுந்துபோய் ஆம்ப்ளிஃபயரைக் குனிந்து பார்த்தார். சிம்பல் மாதிரியான உச்சச் சத்தங்களைக் கூட்டிக் குறைக்கிற திருகு அடியோடு இடப்பக்கம் திரும்பிக் கிடந்தது. காலையில் தூசி தட்டியபோது கைபட்டிருக்க வேண்டும். அதை மெதுவாகத் திருப்பி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் சன்னல் பக்கம் பார்த்தேன்.

வில்லன் பாட்டு

தூத்துக்குடியில் ஜாஸ் கேட்கிறவர்களா என்று இதைப் படிக்கிறவர்கள் சிரிக்கலாம். என் வீட்டுக்காரர் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார். நான் ஸ்பீக்கரைப் போட்டால், "என்ன, வில்லன் கிளப்புக்குள்ள வந்துட்டானா?" என்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. பழைய படங்களில் கெட்டவன் கோட்டு போட்டுக்கொண்டு நுழையும்போதுதான் நாங்கள் எல்லோரும் சாக்சபோனை முதலில் கேட்டோம்.

எனக்கு ஏரல் பக்கம். வயலும் வாய்க்காலும் கொடை விழாவும்தான் வளர்ந்த சூழல். கோயில் கொடையில் இரண்டு தவில்காரர்கள் எதிரெதிரே உட்கார்ந்து ஒருத்தருக்கு ஒருத்தர் விட்டுக்கொடுக்காமல் வாசிப்பார்கள். நான் சாப்பிடக்கூடப் போகாமல் அங்கேயே நிற்பேன். பின்னால் கப்பல் ஏஜென்சி ஆபீசில் டாக்குமென்ட் வேலைக்கு வந்தேன். ஒரு மழைக்காலத்தில் பேப்பர்களுக்காகக் காத்திருந்த ஒரு கப்பல் அதிகாரி, உள்ளங்கை அளவு ஸ்பீக்கரில் எதையோ போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். டிரம்ஸும் டிரம்பெட்டும் மாறி மாறிச் சண்டை போட்டன. கையிலிருந்த ரப்பர் ஸ்டாம்பை மேசையில் வைத்துவிட்டு நின்றேன். கொடையில் நின்ற அதே நிற்பு. அவர் சிரித்துக்கொண்டே அதை என் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தக் கப்பல் அப்புறம் இந்தப் பக்கம் வரவே இல்லை.

நூஹு காக்காவுக்குக் காயல்பட்டினம், அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். வளைகுடாவில் ஒரு பெரிய ஓட்டலில் பல வருடம் வேலை பார்த்தவர், ஜாஸை அங்கேதான் பிடித்துக்கொண்டு வந்தார். சேவியர் அண்ணாச்சி கப்பலில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். கப்பல் எந்த ஊரில் நின்றாலும் முதலில் இசைத்தட்டுக் கடையைத் தேடிப் போவாராம். எங்கள் மூன்று பேருக்கும் ஜாஸ் கப்பலோடோ கடலோடோ ஒட்டித்தான் வந்திருக்கிறது. இந்த ஊரில் வேறு எதன் வழியாக வரும்?

ஒருநாள் காக்காவின் கடைக்கு ஒரு கப்பலின் சாமான் பட்டியலைச் சரிபார்க்கப் போனேன். அவர் போனில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. "இது யாரு காக்கா, சாக்சபோன்?" என்று கேட்டேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அன்று பட்டியலை யாரும் சரிபார்க்கவில்லை. அடுத்த வாரமே அவர் சேவியர் அண்ணாச்சியை அறிமுகப்படுத்தினார். வாட்ஸப்பில் ஒரு குழு ஆரம்பித்தோம். அவரவர் அன்றன்று கேட்கிற ஆல்பத்தின் அட்டைப் படத்தை அதில் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை முறை வைத்து ஒருவருடைய ஆல்பத்தை முழுசாகக் கேட்போம். அஸர் பாங்கு சொன்னதும் காக்கா ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டுத் தொழப் போவார். அவர் திரும்பி வருவதற்குள் அண்ணாச்சியும் நானும் மக்ரூன் பொட்டலத்தைக் காலி செய்துவிடுவோம்.

நல்லாருக்கு

சேவியர் அண்ணாச்சி எதையும் சுலபத்தில் பாராட்டாதவர். எங்கள் குழுவில் அவருடைய குரல் பதிவுகள்தான் நீளம். "அந்த டிரம்ஸ்காரன் கல்யாண வீட்டுல பாத்திரம் கழுவுதான்" என்பார். "மூணாவது பாட்டுல பியானோக்காரனுக்குச் சொல்ல ஒண்ணும் இல்ல. பஸ் வரலங்கதுக்காகப் பேசிக்கிட்டே நிக்கான்" என்பார். நான் உயிராக நினைத்த ஆல்பங்களை இப்படி இரண்டே வார்த்தையில் ஒழித்துக் கட்டியிருக்கிறார். கோபம் வரும். திரும்பக் கேட்டால் அவர் சொன்னது காதில் விழுந்து தொலைக்கும்.

அப்படிப்பட்டவர் பல மாதங்களாக எதைப் போட்டாலும் "நல்லாருக்கு" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். வயதாகி இளகிவிட்டார் என்று காக்காவும் நானும் பேசிக்கொண்டோம். அந்தத் திருகு திரும்பிக் கிடந்த அன்றுதான் எங்களுக்கு விஷயம் புரிந்தது: அவருக்குச் சிம்பல் கேட்பதே இல்லை.

"சொல்லிருவமா தங்கச்சி?" என்றார் காக்கா, அன்று அண்ணாச்சி இறங்கிப் போன பிறகு.

"அவராச் சொல்லட்டும் காக்கா" என்றேன்.

அடுத்த ஞாயிறு அண்ணாச்சி வரவில்லை. சொந்தத்தில் ஒரு ஞானஸ்நானம் என்றார். அதற்கடுத்த வாரம் முழங்கால் வலி. அப்புறம் காரணம் சொல்வதையும் விட்டுவிட்டார். குழுவில் நாங்கள் போட்ட படங்களைப் பார்த்திருக்கிறார் என்று மட்டும் தெரியும்.

ஆட்டோவில் வந்த பெட்டிகள்

ஒரு வேலைநாளில் காக்கா ஆபீசுக்குப் போன் செய்தார். "உடனே வாங்க தங்கச்சி" என்பதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

கடை வாசலில் ஆட்டோ நின்றது. பின் சீட்டு முழுக்க அட்டைப் பெட்டிகள். அண்ணாச்சி ஒவ்வொன்றாக இறக்கி நடைபாதையில் வைத்துக்கொண்டிருந்தார். எல்லாம் இசைத்தட்டுகளும் சிடிக்களும். எந்தெந்தத் துறைமுகத்திலோ சம்பளத்தைக் கொட்டி வாங்கி, உப்புக்காற்று படாமல் அலமாரியில் பூட்டி வைத்திருந்தவை. எங்களிடம்கூட வீட்டுக்குக் கொடுத்தனுப்ப மாட்டார்.

"என்ன அண்ணாச்சி இது?"

"ஆளுக்குப் பாதியா எடுத்துக்கிடுங்க. எனக்கு இனிமே இது எதுக்கு?"

காக்கா என்னவோ சொல்ல வாயெடுத்தார். அண்ணாச்சி கையைக் காட்டி நிறுத்தினார்.

"அன்னைக்கு நீ திருகத் திருப்பினத நான் பாத்தேன் நூகு. காதுதான் போச்சு. கண்ணு போகல."

ஆட்டோக்காரர் மீட்டரைப் பார்ப்பது போல வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அண்ணாச்சிதான் திரும்பவும் பேசினார். பாதி ஆயுசு எஞ்சின் ரூமில் போய்விட்டது. அந்தக் காலத்தில் காதை மூடிக்கொண்டு வேலை செய்தால் எஞ்சினின் நோவு தெரியாது என்று சொல்லி யாரும் மூட மாட்டார்களாம். முதலில் குருவிச் சத்தம் போனது. அப்புறம் போன் மணி. கடைசியில் சிம்பல். "எனக்குத் தெரிஞ்ச பழைய ஆல்பம்னா மனசுக்குள்ள ஓடும், சமாளிச்சிருவேன். புதுசா நீங்க போடுததுல பாதி எனக்குச் சும்மா கடகடங்குது. அத வச்சுக்கிட்டு நான் என்னத்த சொல்ல?"

காக்கா சட்டைக் கையை மடக்கிக்கொண்டு ஒரு பெட்டியைத் தூக்கினார். "சரி அண்ணாச்சி. இங்கனயே இருக்கட்டும். ஆனா இது எங்களுக்குச் சொந்தம் இல்ல. அமானத்து. நீங்க பாத்துக்கிடச் சொல்லிக் குடுத்த பொருளு. எப்ப வந்து கேட்டாலும் திருப்பித் தந்துருவோம்."

அண்ணாச்சி ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். அண்ணாச்சி வெளியே போயிருந்தார். அவர் மனைவி பிலோமி அக்கா என்னைக் குசினிக்குக் கூட்டிப்போய், மிளகாய் டப்பாக்களுக்குப் பின்னாலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்துத் திறந்து காட்டினார். உள்ளே இரண்டு காது மிஷின்.

"போன வருசமே வாங்கிட்டாரு ஏளா. மாட்டிக்கிட்டு மொதல்ல பாட்டுத்தான் போட்டாரு. அஞ்சு நிமிசம் இருக்காது, புடுங்கி எறிஞ்சிட்டாரு. பியானோ அலுமினியச் சட்டியில கரண்டிய வச்சுத் தட்டுத மாதிரி கேக்குதாம். அதுலேர்ந்து தொடல. எங்கிட்டயும் பேச்சு கொறஞ்சு போச்சு. நான் ஒண்ணு கேப்பேன், அவரு ஒண்ணு சொல்லுவாரு. கோயில்ல எல்லாரும் பாடி முடிச்ச பெறகு இவரு மட்டும் பாடிக்கிட்டு நிப்பாரு."

அக்கா டின்னை மூடவில்லை. அப்படியே என் கையில் கொடுத்தார்.

கல்யாண வீடா?

எங்கள் ஆபீசில் ஒருவரின் குழந்தைக்குக் காது மிஷின் பொருத்தியவர் முத்துமாரி. மாப்பிள்ளையூரணிப் பெண். முப்பது வயது இருக்கும். சின்ன அறை, கண்ணாடிக் கதவு, ஒரு கம்ப்யூட்டர். அண்ணாச்சியை அங்கே கூட்டிப்போக நான் பட்ட பாட்டைத் தனியாக எழுதலாம். கடைசியில் பிலோமி அக்கா, "நீங்க போகலன்னா நான் போயி உங்களுக்காகப் பேசிட்டு வாரேன்" என்று செருப்பை மாட்டியதும்தான் அசைந்தார்.

முத்துமாரி காதைச் சோதித்தார். மிஷினைக் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தார்.

"அய்யா, இத முழுக்கப் பேச்சுக்குன்னு செட் பண்ணிருக்காங்க. பேச்சு இல்லாத சத்தம் எல்லாத்தையும் இது இரைச்சல்னு நெனைக்கும். நீளமா ஒரு ஊதல் வந்தா, அது தானே விசில் அடிக்கதா நெனச்சு அமுக்கிரும்."

"அப்போ சாக்சபோன்காரன் மூச்ச முடிக்கதுக்குள்ள இது அவன் கழுத்தப் புடிச்சிருது."

"அதேதான்" என்று சிரித்தார் முத்துமாரி. அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "ஒண்ணு முன்னாடியே சொல்லிருதேன். எடது காது ரொம்பப் போயிருக்கு. செத்த நரம்புக்கு எவ்வளவு சத்தம் குடுத்தாலும் அது எந்திரிக்காது. உயிரோட இருக்கத வச்சு என்ன முடியுதோ பாப்போம். நீங்க கேக்குற பாட்டயே அடுத்த தடவ கொண்டு வாங்க. எனக்கு அது என்னன்னே தெரியாது. நீங்கதான் சொல்லணும்."

வெளியே வந்ததும் அண்ணாச்சி சொன்னார்: "பொய் சொல்லல பாத்தியா. அந்தப் புள்ளைகிட்ட வரலாம்."

அடுத்த தடவை காக்காவும் வந்தார். கடையைப் பூட்டிவிட்டு, மரப்பெட்டி ஸ்பீக்கர் ஒன்றையும் ஆம்ப்ளிஃபயரையும் பழைய கைலிச் சாரத்தில் சுற்றி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். "போன்ல கேட்டுக் காத எட போடக் கூடாது" என்றார். முத்துமாரி சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். ஆனால் மேசையை ஒதுக்கி இடம் கொடுத்தார்.

அண்ணாச்சி தனக்கு மனப்பாடமான ஒரே ஒரு ஆல்பத்தை எடுத்துக்கொண்டார். நான்கு பேர் வாசிக்கிறது. எங்கே பாஸ் மேலேறும், எங்கே டிரம்ஸ்காரர் குச்சியை மாற்றி பிரஷை எடுப்பார் என்பதெல்லாம் அவருக்குத் தூக்கத்திலும் தெரியும். அதை ஓடவிட்டு, மனதுக்குள் ஓடுவதையும் காதில் விழுவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்வார்.

"சிம்பல் வந்துட்டு. ஆனா எண்ணெயில பொரியுது."

முத்துமாரி எதையோ தட்டுவார்.

"இப்பப் பரவால்ல. பியானோ தண்ணிக்கடியில போயிட்டு."

மறுபடியும் தட்டுவார்.

"பாஸ்காரன் ரொம்பக் கிட்ட வந்துட்டான். கொஞ்சம் தள்ளிப் போவச் சொல்லு."

வராந்தாவில் பெரியதாழைக்கார அம்மா ஒருவர் பேரனோடு காத்திருந்தார். கதவு திறந்தபோது என்னிடம் கேட்டார்: "உள்ள என்னளா சத்தம்? கல்யாண வீடா?"

இப்படிப் பல மாதம் போயிற்று. நல்ல நாளும் உண்டு, மோசமான நாளும் உண்டு. ஒரு தடவை எவ்வளவு மாற்றியும் சாக்சபோன் இரண்டாகப் பிளந்தே கேட்டது. அண்ணாச்சி இரண்டு மிஷினையும் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். காக்காவும் நானும் பின்னாலேயே ஓடினோம். ரோச் பூங்கா பக்கம் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கடல் அன்று அசையவே இல்லை.

"போதும் நூகு. முழுசாக் கேட்டவன் நான். இப்பிடி அரையும் குறையுமாக் கேக்கதுக்குக் கேக்காமலே இருந்துட்டுப் போறேன்." இதை அவர் கத்திச் சொன்னார். தான் கத்துவது அவருக்குத் தெரியவில்லை.

காக்கா டீயை வாங்கி அவர் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். வலது காதுப் பக்கமாக.

"அண்ணாச்சி, நான் அந்த ஓட்டல்ல எங்கன வேல பாத்தேன்னு சொல்லிருக்கனா? லாண்டரியில. பாட்டு வாசிக்கது ரெண்டு கதவுக்கு அங்குட்டு, பெரிய ஹால்ல. எங்கள உள்ள விட மாட்டாங்க. வெயிட்டர் தட்டத் தூக்கிக்கிட்டுப் போவும்போது கதவு தொறக்கும், கொஞ்சம் கேக்கும். மூடினா நின்னுரும். மறுபடி தொறக்கும்போது பாட்டு வேற எங்கயோ போயிருக்கும். நான் துணிவண்டிய வச்சுக்கிட்டு அங்கனயே நிப்பேன், அடுத்த தட்டு எப்ப வரும்னு. அத்தன வருசமும் அப்படித்தான் கேட்டேன். ஒரு பாட்டு முழுசாக் கேட்டது ஊருக்கு வந்த பெறகுதான். அரகொறையாக் கேட்டுத்தான் எனக்கு இந்தப் பைத்தியமே புடிச்சிது."

அண்ணாச்சி அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். இத்தனை வருடப் பழக்கத்தில் எனக்கும் அது புதுச் செய்திதான்.

"இத ஏன்ல எங்கிட்ட முன்னாடியே சொல்லல?"

"நீங்க துறைமுகத்துக்கு ஒரு கட ஏறி வாங்கினவரு. உங்ககிட்டப் போயி எப்படிச் சொல்ல?"

அண்ணாச்சி டீயைக் குடித்து முடித்தார். டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். மூவரும் திரும்பி நடந்தோம். முத்துமாரி மிஷின்களைத் துடைத்து, உறையில் போட்டு, கதவருகிலேயே வைத்திருந்தார்.

புது ஆல்பம்

முழுக்கச் சரியாகவில்லை. இடது காது வரவே இல்லை. கூட்டத்தில் நாலு பேர் சேர்ந்து பேசினால் இன்றும் அவருக்குத் திணறும். ஆனால் வலது காதுக்கு ஜாஸுக்கென்றே ஒரு தனி செட்டிங் அமைந்தது. அதை மாற்றும் பொத்தானுக்கு பிலோமி அக்கா வைத்த பெயர் "சனியன்". அது போட்டிருக்கும்போது அக்கா கூப்பிடுவது அண்ணாச்சிக்குக் கேட்காதாம்.

பெட்டிகளில் பாதியை அண்ணாச்சி திருப்பி எடுத்துப்போனார். மீதி இங்கேயே இருக்கட்டும், வந்தால் கேட்க வேண்டும் இல்லையா என்றார். முத்துமாரியைக் குழுவில் சேர்த்தோம். அவர் வாரம் ஒரு பாட்டைப் போட்டு, "இது ஜாஸா அய்யா?" என்று கேட்பார். "இல்ல" என்று பதில் வரும். அடுத்த வாரம் வேறொன்று போடுவார். இந்தப் பிடிவாதத்தில் அவர் எங்களுக்குச் சளைத்தவர் இல்லை.

எனக்குக் காக்கா, அண்ணாச்சி, முத்துமாரி இந்த மூன்று பேரைப் பற்றியும் பெருமைதான். கேட்பது என்பது உட்கார்ந்தால் நடந்துவிடுகிற காரியம் என்று நினைத்திருந்தேன். ஒரு மனிதர் எழுபது வயதில் அதைத் திரும்ப முதலிலிருந்து பழகியதைப் பக்கத்தில் இருந்து பார்த்த பிறகு, நானும் கொஞ்சம் ஒழுங்காகக் கேட்கிறேன்.

சென்ற மாதம் அண்ணாச்சியின் முறை வந்தது. அவர் அதுவரை கேட்டிராத, புத்தம் புது ஆல்பம். ஒரு பெண் பியானோ வாசிக்கிறார். எங்கோ ஒரு சின்னக் கிளப்பில், ஆட்கள் உட்கார்ந்திருக்க நேரடியாகப் பதிவு செய்தது. மூன்று பேரும் கண்ணை மூடிக்கொண்டோம். நடுவில் எல்லாம் அடங்கி பாஸ் மட்டும் தனியாக வாசித்தபோது, அண்ணாச்சி ஒரு விரலை உயர்த்தினார். சட்டத்தை மீறிப் பேசவும் செய்தார்.

"யாரோ கிளாசக் கீழ வைக்கான்."

"என்ன அண்ணாச்சி?"

"கிளாசு ஏளா. பாட்டக் கேட்டுக்கிட்டிருந்த யாரோ குடிச்சிட்டு மேசையில வைக்கான். கேக்கலயா?"

எங்கள் இரண்டு பேருக்கும் கேட்கவில்லை. காக்கா பாட்டைப் பின்னால் தள்ளி மறுபடி ஓடவிட்டார். அந்த இடம் வந்ததும் அண்ணாச்சி, "இந்தா" என்றார். அப்போதும் இல்லை. மூன்றாவது தடவை நான் ஸ்பீக்கர் பக்கத்தில் போய்க் குந்திக்கொண்டேன். பாஸின் இரண்டு சுரங்களுக்கு நடுவே, எங்கோ தூரத்தில், 'ணிங்' என்று மிக மெல்லிய ஒரு சத்தம். இருந்தது.

"ஆமா காக்கா, இருக்கு!"

நூஹு காக்கா எழுந்து வந்து என் பக்கத்தில் குந்தினார். காதை ஸ்பீக்கர் துணியில் ஒட்டிவைத்துக் கேட்டார். திரும்ப ஒரு தடவை போடச் சொல்லிக் கேட்டார். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

"தங்கச்சி, நாளைக்கு அந்த முத்துமாரிக்கு ஒரு போன் போடுங்க. எனக்கும் காதப் பாக்க ஒரு நேரம் வாங்கணும்."